மனத்தை நிமிர்த்தும் ஃபோக் ராக் பாடல்கள்: காலை நடைக்கு எவற்றைச் சொல்வீர்கள்?

மெதுநடை:

அனைவருக்கும் வணக்கம். முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மூன்று மாதங்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்துவிட்டு, இப்போதுதான் தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கியிருக்கிறேன். நாள்தோறும் காலையில் நாற்பது நிமிடம் சமதரையில் நடக்க வேண்டும் என்பது பிசியோதெரபிஸ்ட் இட்ட கட்டளை. கால் ஒத்துழைத்தாலும் மனம் ஒத்துழைப்பதில்லை. தெரு முனையைத் தொடுவதற்குள் திரும்பிவிடலாமா என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

திரைப்பாடல்களைக் கேட்டுக்கொண்டு நடந்து பார்த்தேன். அவற்றில் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆண்டையும் யாரோ ஒருவர் முகத்தையும் இழுத்துக்கொண்டு வருவதால், நடக்கப் போனவன் பழைய கதைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறேன். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழர் ஒருவர் 1960களின் அமெரிக்கப் பாடல்கள் பதிந்த கேசட் ஒன்றை வைத்திருந்தார். நாட்டார் இசையும் ராக் இசையும் கலந்த அந்த வகைக்கு ஃபோக் ராக் என்று பெயர் உண்டு என்பதே எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. சென்ற வாரம் அந்தக் கேசட்டில் இருந்த பாடல் ஒன்று தற்செயலாகக் காதில் விழுந்தது. மணிமணியாகச் சிதறும் கிட்டார் ஒலியோடு தொடங்கும் அந்தப் பாடலைக் கேட்டுக்கொண்டே, வழக்கத்தைவிட இரண்டு தெருக்கள் கூடுதலாக நடந்துவிட்டேன் என்பது வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். இந்த வகை இசையில் உங்கள் மனத்தைத் தூக்கி நிறுத்திய பாடல்கள் எவை? பெயர்களை மட்டும் அடுக்கிவிட்டுப் போகாமல், அந்தப் பாடல் அதை எப்படிச் செய்கிறது என்பதையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். ‘மகிழ்ச்சியாக இரு’ என்று உபதேசம் செய்யும் பாடல்கள் மட்டும் வேண்டாம்; அந்த வேலையைச் செய்ய வீட்டிலேயே பலர் இருக்கிறார்கள்.

பன்னிருதந்தி:

வணக்கம் நண்பரே. மணிமணியாகச் சிதறும் கிட்டார் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும், அது தி பேர்ட்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ ஆகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். ஃபோக் ராக் என்ற பெயர் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே ஏறத்தாழ அந்தப் பாடலோடுதான்.

பாடலை எழுதியவர் பாப் டிலன். 1965 மார்ச்சில் வெளியான அவருடைய பதிவு ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. நான்கு சரணங்கள் உண்டு, டிரம்ஸ் கிடையாது. விடிய விடியத் தூங்காத ஒருவர் அயர்ச்சியோடு பாடுவதைப் போல இருக்கும். பேர்ட்ஸ் குழுவினர் அதே ஆண்டு ஏப்ரலில் வெளியிட்டபோது நான்கு சரணங்களில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, அடியில் டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் ஓடவிட்டு, மூன்று குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டரை நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். இலக்கிய நோக்கில் பார்த்தால் அது பாடலைக் குதறியதுதான். ஆனால் உட்கார்ந்து பாடப்பட்ட பாட்டுக்குக் கால் முளைத்தது அந்த இரண்டரை நிமிடத்தில்தான். அந்த வடிவத்தைக் கேட்டதும், இதற்கு நடனமே ஆடலாம் போலிருக்கிறதே என்று டிலன் வியந்ததாகச் சொல்வார்கள்.

அந்த மணி ஒலிக்கு உரியது ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பன்னிரண்டு தந்தி மின்கிட்டார். பீட்டில்ஸ் குழுவினர் நடித்து 1964இல் வந்த படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் தானும் ஒன்றை வாங்கினார். பன்னிரண்டு தந்திகள் என்பவை உண்மையில் ஆறு இணைகள். தடித்த தந்திகள் நான்கிற்கும் பக்கத்திலேயே ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்த மெல்லிய துணைத்தந்தி இருக்கும். மற்ற இரண்டு இணைகளும் ஒரே சுருதியில் இருக்கும். இரு தந்திகளும் மயிரிழை வேறுபாட்டில் அதிர்வதால்தான் ஒற்றை மீட்டலே பல மணிகள் ஒன்றாக ஆடுவதைப் போலக் கேட்கிறது. இத்துடன் பதிவுக்கூடத்தில் கம்ப்ரெஸர் என்ற கருவியின் வழியாக ஒலியைச் செலுத்தியதால், தேய்ந்து மறைய வேண்டிய ஒலி கூடுதல் நேரம் நின்று ஒலிக்கிறது. (இன்னொரு வேடிக்கை: அந்தப் பதிவில் குழுவினரில் கருவி வாசித்தவர் மெக்வின் ஒருவர் மட்டுமே, மற்றக் கருவிகளை வாசித்தவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸின் கூலிக் கலைஞர்கள்.)

ஆனால் உங்கள் நடைக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது அதே குழுவின் ‘டர்ன்! டர்ன்! டர்ன்!’ என்ற பாடலை. 1965 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. மெட்டமைத்தவர் அமெரிக்க நாட்டார் பாடகர் பீட் சீகர். சொற்களோ, ஓரிரு வரிகள் நீங்கலாக, விவிலியத்தின் பிரசங்கி புத்தகம் மூன்றாம் அதிகாரத்தில் உள்ளவை. பிறக்க ஒரு காலம், இறக்க ஒரு காலம், நட ஒரு காலம், நட்டதைப் பிடுங்க ஒரு காலம் என்று போகும் அந்தப் பகுதியை எங்கள் ஊரில் துக்க வீட்டு ஆராதனைகளில் தலைகுனிந்து நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதே சொற்கள் பன்னிரண்டு தந்திகளின் மேல் ஏறி வரும்போது, அழ ஒரு காலம் என்பதற்கு அடுத்தபடியே சிரிக்க ஒரு காலம் என்றும் எழுதியிருக்கிறது என்பது எனக்கு முதன்முதலாகக் காதில் பட்டது. இத்தனை ஆண்டுகளாக அந்தப் பாதியை நான் கேட்கவே இல்லை.

தாளம்தட்டி:

பன்னிருதந்தி அவர்கள் ‘கால் முளைத்த பாட்டு’ என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டே தொடர்கிறேன். சைமன், கார்ஃபங்கல் என்ற அமெரிக்கப் பாடகர்கள் இருவரும் 1964இல் வெறும் கிட்டாரோடு பாடி விலைபோகாமல் கிடந்த ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பாடலுக்கு, 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன் அவர்களுக்குத் தெரியாமலேயே மின்கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து, செப்டம்பரில் வெளியிட்டார். 1966 பிறந்தபோது அது முதலிடத்தில் இருந்தது. கால் ஒட்டவைக்கப்பட்ட பாட்டு என்று அதைச் சொல்லலாம். ஆனால் காலை நடைக்கு அது ஆகாது. இருட்டோடு பேசும் பாட்டைச் சூரியன் எழும் நேரத்தில் கேட்பானேன்?

அதே இருவரின் வேறு இரண்டு பாடல்களைச் சொல்கிறேன். முதலாவது, சுருக்கமாக ‘ஃபீலின் க்ரூவி’ என்று அறியப்படும் 1966ஆம் ஆண்டுப் பாடல். இரண்டு நிமிடம்கூட ஓடாது. நியூயார்க்கின் குவீன்ஸ்பரோ பாலத்தைக் கடந்துவரும் ஒருவன், விளக்குக் கம்பத்தோடு நலம் விசாரித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்துபோகிறான். பாடல் தொடங்குவதே ‘மெதுவாகப் போ’ என்ற சொல்லோடுதான். அறுவை சிகிச்சை செய்த காலுக்கு இதைவிடப் பொறுப்பான பாடலை நான் அறியேன். டேவ் புரூபெக் ஜாஸ் குழுவைச் சேர்ந்த ஜோ மொரெல்லோ டிரம்ஸ் வாசிக்க, அதே குழுவின் யூஜின் ரைட் பேஸ் வாசித்திருக்கிறார். துள்ளலை இவ்வளவு அடக்கமாக வாசிப்பதற்கு அப்படிப்பட்ட கைகள் தேவைப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது, 1970இல் வந்த ‘செசிலியா’. இதன் தாளம் பதிவுக்கூடத்தில் பிறந்ததன்று. ஒரு வீட்டில் நண்பர்கள் கூடியிருந்தபோது பியானோ இருக்கையின் மேலும் கைக்குக் கிடைத்தவற்றின் மேலும் தட்டிப் பதிந்துகொண்டதை எடுத்து, மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, அதன்மேல் பாட்டை எழுதினார்கள். கல்லூரிப் பேருந்தின் கடைசி இருக்கையில் தகரத்தைத் தட்டிப் பாடியவர்களுக்கு அது எத்தகைய தாளம் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, பாடலின் செய்தி, கடைசிச் சில வரிகள் வரும்வரை, மகிழ்ச்சியானதே அன்று. காதலி இன்னொருவனிடம் போய்விட்டாள் என்று ஒருவன் மன்றாடுகிறான். மனத்தைத் தூக்குவது சொல் அன்று, தட்டுதான்.

கடைசியாக ஜார்ஜ் ஹாரிசனின் ‘ஹியர் கம்ஸ் த சன்’. 1969 ஏப்ரலில், பீட்டில்ஸ் குழுவுக்குள் கணக்கு வழக்குகளும் மனத்தாங்கல்களும் முற்றியிருந்த வேளையில், ஒரு நாள் அலுவலகக் கூட்டத்துக்குப் போகாமல் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் வீட்டுக்குப் போய், அவருடைய கிட்டாரை வாங்கிக்கொண்டு தோட்டத்தில் உலவியபடி ஹாரிசன் எழுதிய பாடல் அது. கிட்டாரின் கழுத்தில் ஏழாவது கட்டையில், தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற பிடிப்பானை மாட்டி வாசிப்பதால் கிட்டாரின் குரல் சிறு பிள்ளையின் குரலைப் போல மேலே எழும்பி நிற்கிறது. அலுவலகத்துக்கு மட்டம் போட்ட ஒருவரின் நிம்மதி அதன் ஒவ்வொரு அடியிலும் கேட்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பாடலின் நடுவில் ‘சன், சன், சன்’ என்று திரும்பத் திரும்ப வரும் இடத்தில், அதுவரை நான்காக ஓடிய எண்ணிக்கை உடைந்து மும்மூன்றாகப் பிரிந்து, மறுபடி நான்கில் வந்து விழும். மிருதங்கத்தில் தீர்மானம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சாயல் உடனே பிடிபடும். ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர் என்பது தெரிந்த செய்திதான். தாளத்துக்கு அடி வைத்து நடப்பவருக்கு அந்த இடத்தில் கால் கட்டாயம் இடறும். முழங்கால் பத்திரம்.

பழைய இசைத்தட்டு:

‘ஹியர் கம்ஸ் த சன்’ நல்ல பாடல் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அதை ஃபோக் ராக் என்று அழைப்பதில்தான் மறுப்பு உண்டு. கையில் சாதாரண கிட்டார் இருப்பதாலேயே ஒரு பாட்டு நாட்டார் இசையோடு உறவு கொண்டாடிவிட முடியாது. அமெரிக்கர்கள் புதிதாக எழுதிய பாட்டுக்கு டிரம்ஸ் சேர்த்தார்கள் என்றால், இங்கிலாந்தில் சிலர் நூற்றாண்டுகள் பழைய பாட்டுக்கே டிரம்ஸ் சேர்த்தார்கள். எனக்கு ஃபோக் ராக் என்றால் இந்த இரண்டாவது வகைதான். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்துக் குழுவைப் பற்றி இங்கே யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. 1969 மே 12 அன்று, பர்மிங்காமில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு லண்டன் திரும்பிக்கொண்டிருந்த அவர்களுடைய வேன் நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். அவருக்கு வயது பத்தொன்பது. கிட்டார் கலைஞர் ரிச்சர்ட் தாம்ப்சனின் தோழியும் இறந்தார். எஞ்சியவர்கள் குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்துவிட்டு, அந்தக் கோடையில் ஹாம்ப்ஷயர் கிராமப்புறத்தில் ஒரு வீட்டை எடுத்துத் தங்கி, டேவ் மேட்டக்ஸ் என்ற புதிய டிரம்ஸ் கலைஞரையும் டேவ் ஸ்வார்ப்ரிக்கின் வயலினையும் சேர்த்துக்கொண்டு, பழைய ஆங்கில, ஸ்காட்டிஷ், ஐரிஷ் மெட்டுகளை ராக் இசைக்குள் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த ‘லீஜ் அண்ட் லீஃப்’ இசைத்தட்டின் முதல் பாடலே ‘கம் ஆல் யே’, அதாவது எல்லோரும் வாருங்கள் என்ற அழைப்பு. குழுவின் பாடகி சாண்டி டென்னியின் குரல் அதில் ஒவ்வொரு கருவிக்காரரையும் பெயர் சொல்லாமல் கூப்பிட்டு நிறுத்துகிறது. என்ன நடந்திருந்தது என்று தெரிந்த பிறகு அந்த அழைப்பைக் கேட்டுப் பாருங்கள். துக்கத்தை மறைத்துக்கொண்டு பாடும் குரலாக எனக்கு அது படவில்லை. துக்கம் நடந்த வீட்டில் மறுநாள் அடுப்பு மூட்டுகிறவரின் குரல் அது.

அதே இசைத்தட்டில் நான்கு நாட்டார் மெட்டுகளைக் கோத்துப் பாட்டில்லாமல் வாசித்த தொகுப்பு ஒன்று உண்டு. ஆறு எண்ணிக்கையில் ஓடும் ஜிக் என்ற ஐரிஷ் நடன மெட்டு, நான்கில் ஓடும் ரீல், ஒன்பதில் துள்ளும் ஸ்லிப் ஜிக், பிறகு மறுபடி ஒரு ரீல் என்று வயலினும் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்தும். தாளம்தட்டி அவர்கள் கேட்டால் மகிழ்வார். நடப்பவர் கேட்டால் மூச்சு வாங்கும்.

‘மேட்டி க்ரோவ்ஸ்’ பாடலும் அதில்தான் இருக்கிறது. சைல்டு என்ற அறிஞர் திரட்டிய ஆங்கிலக் கதைப்பாடல்களின் தொகுப்பில் 81ஆம் எண்ணாக இடம்பெற்றிருப்பது. கள்ளக்காதல், வாள்சண்டை, இரண்டு கொலை என்று போய், பிரபு தன் மனைவியையும் அவள் காதலனையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்வதோடு கதை முடியும். முடிந்த நொடியிலேயே கருவிகள் எல்லாம் ஒன்றாகப் பாய்ந்து ஓடத் தொடங்கும். கொலைக் கதையைக் கேட்டு உற்சாகம் வருவதா என்று கேட்பவர்கள், கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டுவிட்டுத் தெளிந்த முகத்தோடு வீடு திரும்பும் கூட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் கனமாக இருந்தால், ஸ்டீலை ஸ்பான் குழுவின் ‘ஆல் அரவுண்ட் மை ஹேட்’ இருக்கிறது. தொலைதூரம் போய்விட்ட காதலருக்காக ஓராண்டும் ஒரு நாளும் தொப்பியைச் சுற்றிப் பச்சை வில்லோ தழையைச் சூடிக்கொள்வேன் என்று சொல்லும் பழைய பாட்டு. 1975இல் இவர்கள் அதற்குக் குலுக்கலான தாளம் கொடுத்துப் பாடியபோது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. கேட்டு முடித்ததும் பல்லவியை முணுமுணுக்காமல் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

மெதுநடை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பன்னிருதந்தி அவர்களின் ஊகம் சரி, அதே பாடல்தான். காட் ஸ்டீவன்ஸ் பாடிய ‘மார்னிங் ஹாஸ் புரோக்கன்’ காலைக்குப் பொருத்தமாக இருக்குமே என்று என் மனைவி கேட்கிறார். அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

தாளம்தட்டி:

அருமையான பாடல் என்பதில் ஐயமில்லை. எலினார் ஃபார்ஜன் 1931இல் எழுதிய துதிப்பாடல். மெட்டு அதற்கும் முந்தைய ஸ்காட்லாந்து மெட்டு. 1971இல் காட் ஸ்டீவன்ஸ் பாடியபோது பியானோ வாசித்தவர் ரிக் வேக்மன். ஆனால் அது மூன்று எண்ணிக்கையில் போவது. இரண்டு கால் உள்ளவர் மூன்றின் தாளத்துக்கு நடந்தால், ஒரு சுற்றில் வலக்காலிலும் அடுத்த சுற்றில் இடக்காலிலும் அழுத்தம் விழும். நடந்து முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது கேளுங்கள். உங்கள் துணைவியாரின் தேர்வு அந்த நேரத்துக்கு மிகச் சரியானது.

ஆற்றங்கரை வழி:

இந்தியாவிலும் இதே வேலையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைவூட்டவே இந்தப் பதிவு. தில்லியைச் சேர்ந்த இந்தியன் ஓஷன் குழுவின் ‘மா ரேவா’ நர்மதைக் கரை மக்களின் ஆற்றுப்பாடல். ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர். குழுவில் பேஸ் வாசிக்கும் ராகுல் ராம் நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் பங்கேற்றவர். அந்தப் பள்ளத்தாக்கு மக்களிடம் கேட்ட பாட்டைத்தான் குழுவுக்குக் கொண்டுவந்தார். 2000ஆம் ஆண்டு வந்த ‘கந்தீசா’ தொகுப்பில் கிடைக்கும். ஆற்றைத் தாயாக வாழ்த்தும் நேரடியான பாட்டு. அடியில் பேஸ் கிட்டாரும் கைத்தாளக் கருவிகளும் வெள்ளம் போல உருண்டு வரும். மொழி புரியாத என் தந்தையார் ஒரு முறை கேட்டுவிட்டு, இது தண்ணீரைப் பற்றிய பாட்டுத்தானே என்று கேட்டார்.

அடுத்து, பெங்களூருப் பாடகர் ரகு தீட்சித் தம் முதல் தொகுப்பில் 2008இல் பாடிய ‘குடுகுடிய சேதி நோடோ’. கருநாடகத்தின் 19ஆம் நூற்றாண்டுத் தத்துவக் கவிஞர் சந்த சிசுநாள செரீஃபின் பாடல். ஹூக்காவைப் புகைத்துப் பார், உடலுக்குள் இருக்கும் நோயை உதறு என்று தொடங்கி, மனத்தையே புகையிலைப் பையாக உருவகித்துக்கொண்டு போகும். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து கோவிந்த பட்டர் என்ற பிராமணரைக் குருவாகக் கொண்டவர் செரீஃப். பாம்பாட்டிச் சித்தரையும் குதம்பைச் சித்தரையும் படித்த நமக்கு இந்தக் கிண்டலும் இந்த மறைபொருளும் அந்நியமாக இரா. மேடையில் அதை ரகு தீட்சித் பாடும்போது கூட்டமே குதிக்கும். மெதுநடை அவர்கள் குதிக்க வேண்டாம்.

மெதுநடை:

பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகத் தெருவில் சோதித்துப் பார்த்ததன் விவரம் இது.

முதல் நாள் ‘செசிலியா’வோடு புறப்பட்டது பெருந்தவறு. தட்டுக்கு ஏற்பக் கால் தானாக வேகமெடுத்து, அன்று மாலை முழங்கால் வீங்கி, பிசியோதெரபிஸ்டிடம் வசவு வாங்கினேன். காரணம் கேட்டார், பாட்டு என்று சொன்னேன், நம்பவில்லை. மறுநாள் முதல் ‘ஃபீலின் க்ரூவி’யைத் தொடக்கத்தில் வைத்துக்கொண்டேன். வீட்டு வாசலிலிருந்து பால் பூத் வரை அது சரியாகப் போதுமானதாக இருக்கிறது. வண்டிகள் வரும் தெரு என்பதால் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்கிறேன்.

‘ஹியர் கம்ஸ் த சன்’ பாடலில் தாளம்தட்டி அவர்கள் சொன்ன இடத்தில் முதல் மூன்று நாள்களும் கால் இடறியது. நான்காம் நாள் அந்த இடம் வருவதற்கு முன்பே நின்றுகொண்டு, விரலால் தொடையில் எண்ணிவிட்டு, நான்கு மறுபடி வந்ததும் நடையைத் தொடர்ந்தேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள், ‘கால் வலிக்கிறதா தம்பி’ என்று பரிவோடு கேட்டார். இல்லை அம்மா, சூரியனுக்காக நிற்கிறேன் என்று சொல்லத் துணிவு வரவில்லை.

‘கம் ஆல் யே’ பற்றிப் பழைய இசைத்தட்டு அவர்கள் எழுதியதைப் படிக்காமல் கேட்டிருந்தால், நல்ல துள்ளலான பாட்டு என்று கடந்துபோயிருப்பேன். படித்துவிட்டுக் கேட்டதால், அந்த மேட்டக்ஸின் டிரம்ஸ் உள்ளே நுழையும் இடத்தில் ஒவ்வொரு முறையும் காது நின்றுவிடுகிறது. வேறொருவர் உட்கார்ந்திருக்க வேண்டிய இருக்கையில் உட்கார்ந்து வாசிக்கிறார் அல்லவா? ‘ஆல் அரவுண்ட் மை ஹேட்’ பல்லவியை முணுமுணுக்காமல் இருந்தால் எழுதச் சொன்னீர்கள். எழுத வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இப்போது ‘டர்ன்! டர்ன்! டர்ன்!’ வரும்போது பூங்காவின் தென்கோடியில் இருக்கிறேன். அங்கிருந்துதான் வீட்டை நோக்கித் திரும்ப வேண்டும். பாடலின் பெயருக்காக அப்படி அமைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்துவிட்டது. நாளை முதல் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்துக்கு ‘மா ரேவா’வை வைத்திருக்கிறேன்.